இன்றைக்கே சாப்பிடவும்

அம்மா பார்த்துக்கொள்கிற சிஞோரா எர்சீலியாவுக்குக் கண் மங்கி இரண்டு வருஷம். காதும் பாதிதான் கேட்கும். அதனால் ரப்லெற்றில் ஓடுகிற படத்துக்கு நான்தான் குரல் கொடுக்கவேண்டும். படம் ஜப்பான் மொழியில் பேசும், அடியில் இத்தாலியனில் எழுத்து ஓடும். நான் அதை வாசித்து, அவருடைய வலது காதுக்குள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குரலில் கத்துவேன்.

"இன்றைக்கே சாப்பிடவும்" என்பது அந்தத் தொடரின் பெயர். ஜப்பானில் மாவினால் செய்கிற இனிப்புகளின் பெட்டியில் அப்படி அச்சடித்திருக்குமாம், மறுநாள் அவை இறுகிப்போகும் என்பதால். ஒரு சின்ன ஊர், அதில் ஒரு பழைய இனிப்புக் கடை. கடைக்காரர் மறதிக்காரர். அவர் உள்ளே போனதும் தட்டில் இருக்கிற இனிப்புகள் சண்டையைத் தொடங்கும். கடை பூட்டுவதற்குள் எல்லாருக்கும் விலைப்பட்டுப் போகவேண்டும். டைபுக்கு என்பவன் வெள்ளை மாவுக்குள் சிவப்புப் பயற்றை அவித்து இனிப்பாக்கிப் பொதிந்த உருண்டை. தன்னைப் போல அழகன் அந்தத் தெருவிலேயே இல்லை என்ற நினைப்பு அவனுக்கு. டங்கோக்கள் ஒரே குச்சியில் குத்திய நாலு சகோதரிகள். ஒருத்திக்கு மூக்குக் கடித்தால் நாலு பேரும் தும்முவார்கள். யோக்கான் அம்மையார் கறுப்பாக, சவர்க்காரக் கட்டிபோலச் சதுரமாக இருந்துகொண்டு எல்லாருக்கும் ஒழுக்கம் சொல்லுவார். முடிவில் யாராவது ஒருவர் விலைப்பட்டுப் பெட்டிக்குள் போவார். மற்றவர்கள் கையில்லாமலே கை காட்டுவார்கள். யாரும் சாப்பிடுவதை ஒருநாளும் காட்டமாட்டார்கள்.

சிஞோராவுக்கு டைபுக்குவைத்தான் பிடிக்கும். அவனுக்கு நான் தடித்த, மூக்கால் வருகிற ஒரு குரல் வைத்திருந்தேன். "என்னைத் தொடாதையுங்கோ, மா உதிரும்!" என்று அவன் கத்தினால் சிஞோரா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கிச் சிரிப்பார்.

பள்ளிக்கூடத்தில் எனக்குக் குரல் வருவதில்லை. வாய்மொழிச் சோதனைக்கு ஆசிரியை என் பெயரைக் கூப்பிட்டால் எழும்பி நிற்பேன். விடை தெரியும். பின்வரிசை வாங்கில் யாராவது சிரிப்பார்கள், உடனே ஒரு சொல்லும் வராது. ஆசிரியை ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார். பதினாறு வயது முடிந்த மாதம் போவதை நிறுத்திவிட்டேன். அம்மா இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள், "அப்ப என்னோடை வா. சும்மா வீட்டிலை சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது" என்றார்.

பலெர்மோவின் ஓரத்தில் உள்ள பிரான்காச்சோவிலிருந்து காலை பஸ்ஸில் போவோம். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் நாலாம் மாடியில் சிஞோராவின் வீடு. அதே பஸ்ஸில் றோசமலர் அன்ரியும் வருவார். அம்மாவும் அவரும் மன்னாரில் ஒரே கோயில் பங்கு.

"உவள் இப்பவும் வாய் திறக்கிறேல்லையோ?" என்று அன்ரி கேட்டார். "வாய்க்குள்ளை என்னடி பிள்ளை, கொழுக்கட்டையோ?"

"சிஞோராவோடை கிளி மாதிரிக் கதைப்பாள்" என்றார் அம்மா. "மனிசரைக் கண்டாத்தான் பயம்."

"அப்ப சிஞோரா மனிசர் இல்லையோ?"

"அவவுக்குக் காது கேளாது. அதுதான் இவளுக்குத் தோதாக் கிடக்கு."

அன்ரி சிரித்துவிட்டு அம்மாவின் பக்கம் சரிந்தார். "புனிதம், பத்து மணிக்கு நீ மக்வேதாவுக்கு ஓடுறது மகள்காரிக்குத் தெரியுமே?"

"மெல்லக் கதையடி."

"பஸ்ஸுக்குள்ளை ஆருக்குத் தமிழ் விளங்கும்?"

"உனக்கு விளங்குதெல்லே. அது காணும்."

விஷயம் இதுதான். அம்மாவுக்குச் சிஞோரா வீட்டில் காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை வேலை. அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் அம்மாவின் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரத்தை, புதுப்பிக்க முடியும். அம்மாவுடையது இருந்தால்தான் என்னுடையதும். இரண்டும் நவம்பரில் முடிகின்றன. ஆனால் சிஞோராவின் மகள் லொரெடானாவுக்குத் தெரியாமல் அம்மா தினமும் பத்து மணிக்கு என்னைச் சிஞோராவோடு விட்டுவிட்டு, வியா மக்வேதா தெருவில் சுற்றுலாக்காரர் தங்குகிற ஒரு வீட்டைத் துப்புரவாக்கப் போய்விடுவார். பன்னிரண்டுக்குத் திரும்பிவிடுவார். அப்பா ஜேர்மனிக்குப் போய் மூன்று வருஷம், போன் எடுப்பதில்லை. ஒரு வேலை எங்களுக்குப் போதவில்லை.

குளிர்ப்பெட்டிக் கதவில் லொரெடானா ஒரு கடுதாசி ஒட்டியிருந்தார். சிஞோராவுக்கு விழுங்குகிற தசை பலவீனம். எல்லாம் அரைத்துக் கொடுக்கவேண்டும். தண்ணீருக்குக்கூட ஒரு தூள் கலந்து தடிப்பாக்கவேண்டும். நிமிர்த்தி இருத்தி, நாடி நெஞ்சில் படக் குனிந்து விழுங்கவேண்டும். அந்த நேரம் பேச்சுக் கொடுக்கக்கூடாது. நான் அதை அத்தனை தரம் வாசித்திருக்கிறேன், பாடமாகச் சொல்லுவேன்.

"அவன் என்ன ருசி?" என்று சிஞோரா அடிக்கடி கேட்பார்.

"டைபுக்குவோ? தெரியாது, சிஞோரா. நான் சாப்பிட்டதில்லை."

"எங்கடை மர்த்தொரானா இனிப்பு மாதிரி இருக்குமோ? பாதாம் மணக்குமோ?"

"உள்ளுக்குப் பயறுதான் இருக்கிறது."

"பயறோ! பயறு சூப்புக்குப் போடுறது. பாவம் அந்தச் சனம், இனிப்புக்கும் சூப்பைப் போட்டுத் தின்னுது." சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுத்து, "எண்டாலும் மெத்தெண்டு இருப்பான்போலை" என்பார்.

ஒரு திங்கட்கிழமை தண்ணீரில் கலக்கிற தூள் முடிந்துவிட்டது என்று அம்மா என்னை மருந்துக்கடைக்கு அனுப்பினார். போகிற வழியில் புதிதாகத் திறந்த ஒரு ஆசியக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் உறையவைத்த பெட்டி ஒன்றில் அவன் இருந்தான். வட்டமாக, வெள்ளையாக, ஆறு பேர். வாங்கினேன். எனக்குத்தான் வாங்கினேன், ஒருதரம் ருசி பார்க்க. சிஞோராவின் குளிர்ப்பெட்டி மேல்தட்டில் பட்டாணிப் பைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா பத்து மணிக்குப் போனார். நான் ஒன்றை எடுத்து இளக வைத்தேன். பதினொரு மணிக்குச் சிஞோராவைக் கதிரையில் இருத்தி, ரப்லெற்றைப் போட்டு, பக்கத்தில் இருந்து கடித்தேன். பல்லில் ஒட்டியது. நான் நினைத்ததில் பாதி இனிப்புக்கூட இல்லை. மெல்லிய குளிர், மா மணம், பிறகு உள்ளே பயறு.

சிஞோரா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் மங்கல்தான், ஆனால் நான் எதையோ மெல்லுகிறேன் என்பது தெரிந்துவிட்டது.

"அவனோ?"

"ஓம், சிஞோரா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

எங்கள் வீட்டில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க மற்றவர் தின்பதில்லை. அம்மா பஸ்ஸில் பிஸ்கற் பைக்கற்றை உடைத்தால் எதிரே இருக்கிற முன்பின் தெரியாத பலெர்மோக்காரருக்கும் நீட்டுவார். அவர்கள் பயந்து கை ஆட்டி மறுப்பார்கள். பார்த்த கண்ணுக்குக் கொடுக்காமல் விழுங்கினால் அது வயிற்றில் நிற்காது என்பார் அம்மா. சின்ன வயதில் ஒருதரம் நான் கொடுக்காமல் தின்றதற்கு, கையில் இருந்ததைப் பறித்து மற்றப் பிள்ளையிடம் முழுவதையும் கொடுத்துவிட்டார். அந்தப் பழக்கம் எனக்குள் கையைப் போல, யோசிக்காமல் அசைகிற ஒன்று. ஆனால் யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கடுதாசி எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நகத்தளவு ஒரு துண்டு பிய்த்தேன்.

"நாடியைக் குனியுங்கோ, சிஞோரா."

குனிந்தார். நீண்ட நேரம் நாக்கில் வைத்திருந்து விழுங்கினார். ஒரு இருமலும் இல்லை. முகத்தில் ஒளி வந்ததுபோல இருந்தது.

"சூப்பில்லை" என்றார். "இன்னொண்டு."

இரண்டாவது துண்டு முதலாவதைவிடப் பெரிது. அதை அவர் வாயில் வைத்த நேரம் படத்தில் டைபுக்கு தட்டிலிருந்து உருண்டு யோக்கான் அம்மையாரின் தலையில் விழுந்தான். எழுத்து ஓடியது. நான் பழக்கத்தில், அந்த மூக்குக் குரலில், அவருடைய காதுக்குள் கத்தினேன்.

சிஞோரா சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவருடைய கை என் சட்டையைப் பிடித்தது. உதடு நீலமாகியது. நான் அவரை முன்னுக்குச் சரித்து முதுகில் அடித்தேன். பலமாக அடித்தேன், எலும்பு கையில் தெரிந்தது. எத்தனை அடி என்று தெரியாது. ஒரு கீச்சென்ற சத்தத்தோடு மூச்சு உள்ளே போனது. வாயிலிருந்து எச்சிலும் கொஞ்சம் மாவும் வந்தன. கொஞ்சம்தான். படம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். பதினைந்து நிமிஷத்தில் வந்தார், கையில் இன்னும் இறப்பர் கையுறை. சிஞோராவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். அம்பியுலன்சுக்கும் பிறகு லொரெடானாவுக்கும் போன் எடுத்தார். அதற்குப் பிறகுதான் மேசையில் இருந்த மிச்சப் பாதியைப் பார்த்தார்.

"என்ன இது?"

சொன்னேன்.

அம்மா அடிக்கவில்லை. பாதியையும், பெட்டியில் மீந்த ஐந்தையும், பெட்டியையும் ஒரு பையில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்தார். என் வாயைத் தன் கையால் துடைத்துவிட்டார், மா ஒட்டியிருந்திருக்கவேண்டும். "நான் இஞ்சை நிண்டனான். பேரிக்காய் அரைச்சுத் தீத்தினனான். நீ ஒண்டும் கதையாதை" என்றார். பிறகு, "உனக்குத்தான் கதைக்கத் தெரியாதே" என்றார்.

ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாள் காய்ச்சல் கூடிக்கொண்டே போனது. சுவாசப்பையில் கிருமி என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், கேட்கவில்லை. வேலை ஒப்பந்தம் இருப்பதால் அம்மா பகல் முழுவதும் கட்டிலருகே நின்றார். சிஞோராவைத் துடைத்தார், திருப்பிவிட்டார், கால் நகம் வெட்டினார். நான் வெளியே நடையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன்.

வியாழக்கிழமை மாலை மருத்துவர் வெளியே வந்து லொரெடானாவோடு பேசினார். அம்மாவும் பக்கத்தில் நின்றார். நான் இரண்டு அடி தள்ளி.

"கட்டியாக ஏதாவது சாப்பிட்டாரா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். வலது பக்கம் காற்றே போகவில்லை. உள்ளே ஏதாவது அடைத்திருந்தால் குழாய் விட்டு எடுக்கலாம். பாண், சோறு போன்றவை எக்ஸ்றேயில் தெரியாது."

"அப்ப குழாய் விட்டுப் பாருங்கோவன்" என்றார் லொரெடானா.

"எண்பத்தாறு வயது, இந்த நிலையில் சும்மா தேடிப்பார்க்கக் குழாய் விடமாட்டேன். அதிலேயே உயிர் போய்விடலாம். இருக்கிறது என்று தெரிந்தால் வேறு கதை."

லொரெடானா அம்மாவைப் பார்த்தார். அவருக்குப் புனிதமலர் என்ற பெயர் வாயில் வராது. "மாலா?"

"பேரிக்காய்தான். அரைச்சது."

அன்று பஸ் தரிப்பில் ஆட்கள் யாரும் இல்லை. நான் சொன்னேன்: "அம்மா, அது உள்ளுக்கு நிக்குது. நான் அடிக்கேக்கை கொஞ்சம்தான் வெளியிலை வந்தது."

"தெரியும்."

"சொன்னால் எடுப்பினம்."

"சொன்னால் முதல் கேள்வி என்ன? ஆர் குடுத்தது. ரெண்டாவது, மாலா எங்கை போனவ. அதுக்குப் பிறகு வேலையில்லை. பொலிசுக்குப் போனால் உன்னையும் கேப்பினம். நவம்பரிலை நான் ஆற்றை கடுதாசியைக் கொண்டுபோய்க் காட்டிறது? உன்ரை கொப்பற்றையோ?"

"அவ செத்துப்போவா, அம்மா."

"எண்பத்தாறு வயசு."

அதைச் சொன்னதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. தன் கையைத் தூக்கிப் பார்த்தார். "நாலு வருசம் அவவைக் குளிப்பாட்டின கை இது. நீ எனக்குச் சொல்லித் தராதை. மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். மருந்து கேக்கும்." பஸ் வந்தது. முன்னுக்கு ஏறிப்போய்த் தனிச் சீற்றில் இருந்தார். இரவு முழுக்கச் செபமாலை உருட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் சிஞோராவைக் கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். மாஸ்க் போட்டிருந்தது. மூச்சு இழுக்கும்போது கழுத்துக்குழி விரல் போகிற அளவு உள்ளே போனது. அம்மா தண்ணீர்ப் போத்தல் வாங்கக் கீழே போயிருந்தார்.

லொரெடானா வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். மூன்று நாளாக ஒரே சட்டை. இயந்திரத்தில் எடுத்த கோப்பி இரண்டு கொண்டுவந்திருந்தார், ஒன்றை எனக்குத் தந்தார்.

"என்ரை அம்மா உன்னைப் பற்றித்தான் எப்பவும் சொல்லுவா. இந்தப் பிள்ளை நல்ல பகிடிக்காரி எண்டு. நான் நம்பிறேல்லை" என்றார். பிறகு, "ஒண்டு கேக்கவேணும். காய்ச்சலிலை ஒரு பேரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறா. டைபுக்கு. ஆர் அது?"

"ஆள் இல்லை" என்றேன்.

"என்ன?"

வாய்மொழிச் சோதனைபோலத்தான் இருந்தது. இம்முறை யாரும் அடுத்த பெயரைக் கூப்பிடப் போவதில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஆள் இல்லை. இனிப்பு. நான் குடுத்தனான்."

"கேக்கேல்லை, பிள்ளை. பலத்துச் சொல்லு."

"செவ்வாய்க்கிழமை. நான் குடுத்தனான்."

"என்ன குடுத்தனி?"

"மா!" என்று கத்திவிட்டேன். நடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒட்டுற மா. ரெண்டு துண்டு. ரெண்டாவது உள்ளுக்குப் போட்டுது. கொஞ்சம்தான் வெளியிலை வந்தது. பேரிக்காய் இல்லை."

லொரெடானா கோப்பியைக் கதிரையில் வைத்தார். அது சரிந்து ஊற்றியது, அவர் கவனிக்கவில்லை.

"மாலா எங்கை நிண்டவ?"

இதற்கு மட்டும் பொய் சொல்லியிருக்கலாம். குசினியில் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை என்பதல்ல, தோன்றியது. ஆனால் ஒரு பாதியை மறைத்தால் மற்றப் பாதியையும் அவர் நம்பமாட்டார், குழாய் விடமாட்டார்கள் என்று பயந்தேன்.

"வீட்டிலை இல்லை" என்றேன்.

அவர் எழும்பி ஓடினார். சப்பாத்துச் சத்தம் நடை முடிவில் திரும்பும்வரை கேட்டது.

அம்மா இரண்டு போத்தலோடு படியேறி வந்தபோது கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் மருத்துவர், அவருக்குப் பின்னால் லொரெடானா. யாரும் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மா சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார். பிறகு வந்து, கோப்பி ஊற்றிய கதிரையைக் கடுதாசியால் துடைத்து, அதில் இருந்தார்.

"சொல்லிப்போட்டியோ?"

"ஓம்."

"மக்வேதாவும்?"

"ஓம்."

அம்மா ஒரு போத்தலைத் திறந்து குடித்தார். மூடினார். அதற்குப் பிறகு ஒன்றரை மணிநேரம் அங்கேயே இருந்தோம். எதிர்ச் சுவரில் கை கழுவுவது எப்படி என்று ஒரு படம் இருந்தது, ஆறு கட்டமாக. அதை வாசித்து முடித்து மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

மருத்துவர் வெளியே வந்தபோது அம்மாதான் முதலில் எழும்பினார். மருத்துவரின் கையில் மூடியுள்ள ஒரு சின்னப் பிளாஸ்ரிக் குப்பி. அடியில் வெண்மையாக ஏதோ. எடுத்துவிட்டோம், வலது பக்கத்துக்குக் காற்றுப் போகிறது, ஆனால் மூன்று நாள் சுவாசப்பை மூடிக் கிடந்துவிட்டது, கிருமி நன்றாகப் பரவியிருக்கிறது, இனி அவருடைய உடம்பைப் பொறுத்தது என்று லொரெடானாவிடம் சொன்னார். செவ்வாய்க்கிழமையே தெரிந்திருந்தால் இது பத்து நிமிஷ வேலை என்றும் சொன்னார். வாயால் இனிச் சாப்பிட விடமாட்டோம், வயிற்றில் குழாய் வைக்கவேண்டும் என்றார். லொரெடானா தலையாட்டிக்கொண்டே இருந்தார், கடைசிவரை.

அம்மா மறுபடி இருந்து கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தார். சிஞோராவின் வீட்டுச் சாவிகள் மூன்று: தெருக்கதவு, மேல்கதவு, மேல்மாடிக் கம்பிக்கதவு. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று. வளையம் இறுக்கமானது. நகத்தால் நெம்பினார், நழுவியது. மறுபடி நெம்பினார். நகம் பிய்ந்து ஓரத்தில் இரத்தம் வந்தது.

"பிடி" என்றார்.

நான் வளையத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். அம்மா ஒவ்வொன்றாகச் சுற்றிக் கழற்றி மடியில் வைத்தார். மூன்றையும் எடுத்துக்கொண்டு லொரெடானாவிடம் போய் நீட்டினார்.

லொரெடானா உடனே வாங்கவில்லை.

"மூண்டு நாள், மாலா" என்றார். "என்ரை அம்மான்ரை கால் நகம் வெட்டிக்கொண்டு நிண்டனி. மூண்டு நாள்."

அம்மா கையை நீட்டியபடியே நின்றார்.